ரோஸ்மேரி போன்சாய்

ரோஸ்மேரி போன்சாய் என்பது, ரோஸ்மேரி என்னும் நறுமணச் செடியை ஆழம் குறைந்த தொட்டியில் நட்டு, வேரையும் கிளையையும் அளவாகக் கத்தரித்து, முதிர்ந்த மரத்தின் சாயலில் வளர்ப்பதாகும். போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்று பொருள். தமிழகத்தின் சமவெளிகளில் ஆல், அரசு, இச்சி போன்ற மரங்களே போன்சாயாகப் பெரிதும் வளர்க்கப்படுகின்றன. குளிர்ச்சியும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும் கொல்லிமலை போன்ற இடங்களுக்கு ரோஸ்மேரியும் ஏற்றது. ஆயினும் இச்செடிக்கு ஓர் இயல்பு உண்டு. நீரின்றி வாடுவதை இது எளிதில் வெளிக்காட்டாது. இதை அறியாமல் வளர்ப்பவர்கள் பல ஆண்டுகள் வளர்த்த செடியை ஓரிரு நாள்களில் இழக்க நேரிடும்.

செடியின் இயல்பு

ரோஸ்மேரியின் தாயகம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள். துளசி, புதினா ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் ரோஸ்மரினஸ் அஃபிசினாலிஸ் என்று வழங்கப்பட்ட இச்செடியை, 2017இல் தாவரவியலாளர்கள் மரபணு ஆய்வின் அடிப்படையில் சால்வியா பேரினத்தில் சேர்த்தனர். இப்போது இதன் அறிவியல் பெயர் சால்வியா ரோஸ்மரினஸ்.

இதன் இலைகள் ஊசிபோல் குறுகியவை. ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டும், அடிப்பக்கம் வெண்ணிற மயிர்கள் அடர்ந்தும் இருக்கும். வறண்ட காற்றில் நீர் ஆவியாவதை இந்த அமைப்பு குறைக்கிறது. இலை விறைப்பாக இருப்பதால், துளசியைப்போல நீர் குறைந்தவுடன் தலை தொங்குவதில்லை. இலை நிறம் மங்கி உதிரத் தொடங்கும்போது வேர் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அதன்பின் நீர் ஊற்றினாலும் செடி மீள்வது அரிது.

போன்சாய்க்கு உகந்த பண்புகளும் இதற்கு உண்டு. இலை இயல்பாகவே சிறியது என்பதால் சிறு மரத்தின் உருவத்துக்குப் பொருந்துகிறது. தண்டு சில ஆண்டுகளிலேயே கட்டையாகி, பட்டை வெடித்து, வயதான மரத்தின் தோற்றத்தைத் தருகிறது.

கொல்லிமலையின் சூழல்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரமுடையது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்ல வேண்டும். காப்பி, மிளகு, பலா, அன்னாசி ஆகியவை இங்கு விளைகின்றன.

ரோஸ்மேரி இம்மலையில் தானாக வளரும் செடியன்று. தமிழகத்தில் இதன் சாகுபடிக்குப் பெயர்பெற்றது நீலகிரி. உதகமண்டலத்திலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஊட்டி 1 என்ற ரோஸ்மேரி ரகம் வெளியிடப்பட்டுள்ளது. கடல் மட்டத்திலிருந்து 900 முதல் 2500 மீட்டர் வரை உயரமுள்ள பகுதிகள் இப்பயிருக்கு ஏற்றவை எனப் பரிந்துரைக்கப்படுகிறது. கொல்லிமலையின் மேற்பகுதி இவ்வளவுக்குள் அடங்குகிறது.

போன்சாய்க்காகக் காட்டிலுள்ள பழைய மரங்களைத் தோண்டி எடுக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. கொல்லிமலையில் காப்புக்காடுகள் இருப்பதால் அது சட்டப்படி குற்றமாகும். ரோஸ்மேரியைத் தண்டுத் துண்டிலிருந்தே வளர்த்துவிடலாம். காட்டில் கைவைக்கத் தேவையில்லை.

வளர்க்கும் முறை

நுனித்தண்டிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் துண்டுகளை வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, ஈரமணலில் நிழலில் நட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் வேர்விடும். போன்சாய்க்குத் தண்டு பருமனாக இருக்க வேண்டும் என்பதால், முதல் மூன்று நான்கு ஆண்டுகள் நிலத்திலோ பெரிய தொட்டியிலோ வளர விடுவது நல்லது. அதற்கு முன்பே தட்டுக்கு மாற்றினால் தண்டு பருப்பது மிகவும் குறைந்துவிடும்.

தட்டுக்கு மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. சலித்த செங்கல் துண்டும் பருமணலும் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, இலைமட்கு ஒரு பங்கு என்ற கலவை நீரைத் தேக்காது. தட்டின் அடித்துளைகளில் வலைத்துண்டு வைத்து மூட வேண்டும்.

கவாத்து செய்யும்போது ஒவ்வொரு கிளையிலும் சிறிதளவு பச்சை இலையை விட்டுவைக்க வேண்டும். இலையற்ற பழைய கட்டை வரை வெட்டினால் பெரும்பாலும் புதுத்துளிர் வராது. அக்கிளையே பட்டுவிடும். கம்பி சுற்றி வளைப்பதும் இளங்கிளைகளுக்கு மட்டுமே ஏற்றது. முற்றிய கிளை எளிதில் முறியும்.

நீர் ஊற்றுதல்

வாரத்துக்கு இத்தனை முறை என்ற கணக்கு ரோஸ்மேரிக்குப் பொருந்தாது. நீர் தேவையா என்பதை நாள்தோறும் சோதித்தே அறிய வேண்டும். அதற்கு இரண்டு எளிய வழிகள் உள்ளன.

தட்டைக் கையால் தூக்கிப் பார்ப்பது முதல் வழி. நீர் ஊற்றிய உடனே ஒரு முறையும், மறுநாள் ஒரு முறையும் தூக்கிப் பழகினால், எடை குறைவதைக் கை அறிந்துகொள்ளும். மெல்லிய மூங்கில் குச்சியை மண்ணில் செருகி வைப்பது இரண்டாவது வழி. உருவிப் பார்க்கும்போது குச்சியின் நுனியில் மட்டும் ஈரம் இருந்தால் நீர் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளை வழியே நீர் வெளியேறும்வரை ஊற்ற வேண்டும்.

மிகையான நீரும் கேடுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டு நாள்கணக்கில் நனைந்தால் வேர் அழுகும். அந்நாள்களில் வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள கூரையின்கீழ் வைப்பது நல்லது. அடியில் நீர்த்தட்டு வைத்து அதில் நீர் தேங்க விடக் கூடாது.

காட்சிக்கு வைத்தல்

நிமிர்ந்து வளரும் ரகங்கள் வளைந்த தண்டுடைய மர வடிவத்துக்கும், படரும் ரகங்கள் பாறை விளிம்பிலிருந்து தொங்கும் மர வடிவத்துக்கும் ஏற்றவை. நீலப் பூக்களும் பச்சை இலைகளும் எடுப்பாகத் தெரிய, மெருகிடாத பழுப்பு நிறத் தட்டு பொருந்தும். தண்டின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு வருமாறு பீடம் அமைக்க வேண்டும்.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாள்களில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. அதையொட்டித் தோட்டக்கலைத் துறை மலர்க் கண்காட்சி அமைக்கிறது. இதுபோன்ற கண்காட்சிகளில் போன்சாய் வைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆடிக் காற்று ஆழமற்ற தட்டின் ஈரத்தை விரைவில் இழுத்துவிடும். காட்சியைப் பார்க்க வரும் கூட்டத்தில் நீர் ஊற்ற மறந்துபோவதும் எளிது. செடியோ நாள் முழுவதும் பசுமையாகவே தோன்றும். எனவே காலையிலும் மாலையிலும் தட்டைத் தூக்கிப் பார்ப்பதை ஒருவர் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் காட்சிக்கு வைப்பதானால் ஓரிரு நாள்களுக்கு மேல் வேண்டாம். ஒளி குறைந்தால் கிளைகள் மெலிந்து நீளும். காற்றோட்டமின்றிச் சாம்பல் நோயும் பற்றும். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் முற்றமோ மாடியோதான் இதற்கு நிலையான இடம்.