ஒஃபாவின் மண்ணரண்: மூலாதாரங்களை ஒப்பிட்டு நோக்குவோம்

மாணவர்களே, வரலாற்றைக் கற்க உதவும் மூலாதாரங்கள் இலக்கிய மூலாதாரங்கள், தொல்பொருள் மூலாதாரங்கள் என இருவகைப்படும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இவையிரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எவ்வாறு முடிவுக்கு வருவது? இதனை விளங்கிக்கொள்ள, இங்கிலாந்து - வேல்ஸ் எல்லைப் பிரதேசத்தில் உள்ள ஒஃபாவின் மண்ணரண் சிறந்த உதாரணமாகும்.

பின்னணி

கி.பி. 5 ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் உரோமர் ஆட்சி முடிவுற்றது. அதன்பின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் ஆங்கிலோ - சக்சன் இராச்சியங்கள் தோன்றின. மேற்கே வேல்ஸ் மக்களின் இராச்சியங்கள் நிலைத்திருந்தன. ஆங்கிலோ - சக்சன் இராச்சியங்களுள் வலிமை பெற்று விளங்கிய மேர்சியாவை 757 முதல் 796 வரை ஒஃபா மன்னன் ஆட்சி செய்தான்.

அமைப்பு

1. அகழி வெட்டி, அந்த மண்ணை அதன் கிழக்கே மேடாகக் குவித்து அரண் அமைக்கப்பட்டது.
2. அகழி வேல்ஸ் பக்கமாக உள்ளது. எனவே மேற்கிலிருந்து வருவோர் முதலில் அகழியில் இறங்கி, பின்னரே மேட்டில் ஏற வேண்டும். அரணை அமைத்தோர் கிழக்கே இருந்தவர்கள் என்பதை இது காட்டுகின்றது.
3. சில இடங்களில் அகழியும் மேடும் சேர்ந்து ஏறத்தாழ 20 மீற்றர் அகலமானவை.
4. மேற்குத் திசை நன்கு தெரியும் உயர்ந்த நிலங்கள் பல இடங்களில் தெரிவு செய்யப்பட்டுள்ளன.

மூலாதாரங்கள் கூறுவன

அ. இலக்கியம்: 893 இல் அசர் என்னும் வேல்ஸ் நாட்டுத் துறவி அல்பிரட் மன்னனின் வரலாற்றை எழுதினார். ஒஃபா "கடலிலிருந்து கடல் வரை" அரண் அமைத்தான் என்பது அதிலுள்ள செய்தியாகும்.

ஆ. இடப்பெயர்: அரண் ஊடறுத்துச் செல்லும் நைற்றன் நகரின் வேல்ஸ் மொழிப் பெயர் "மண்ணரண் ஊர்" எனப் பொருள்படும்.

இ. தொல்பொருளியல்: டேவிட் ஹில், மார்கரெட் வேர்திங்டன் ஆகியோரின் ஆய்வின்படி, ஒஃபாவின் அரண் எனக் கொள்ளத்தக்க தொடர்ச்சியான பகுதி சுமார் 103 கிலோமீற்றர் மட்டுமே, அது இரு கடல்களையும் தொடவில்லை. 2014 இல் வெளியான காபன் காலக்கணிப்போ, சேர்க் என்னும் இடத்தருகே மேட்டிலிருந்த மண் ஒஃபாவுக்கு முற்பட்ட காலத்தது எனக் காட்டியது.

முடிவுக்கு வருவது எவ்வாறு?

அசர் பொய் கூறினார் என உடனே எழுதிவிடாதீர்கள். அவர் ஒஃபா இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின் எழுதியவர். அதேபோல் மேட்டில் குவிக்கப்பட்ட மண், மேட்டைவிடப் பழையதாகவும் இருக்கலாம். முன்னர் இருந்த சில அரண்களை ஒஃபா திருத்தி இணைத்திருக்கவும் கூடும். ஆகவே ஒவ்வொரு சான்றுக்கும் வலிமையும் உண்டு, எல்லையும் உண்டு.

நினைவிற் கொள்க

மூலாதாரம் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது, அது எக்காலத்துக்குரியது, யாரால் ஆக்கப்பட்டது, வேறு சான்றுகளுடன் ஒத்துப்போகின்றதா என்னும் மூன்றையும் குறிப்பிடுக.

பயிற்சி வினா: அகழியின் அமைவிடத்தைக் கொண்டு, அரணை அமைத்தோர் பற்றி நீர் பெறும் முடிவு யாது? காரணம் தருக.