மரம் சாய்ப்போரும் சங்கிலி ரம்பமும்

டேராடூனுக்கு வடமேற்கே சக்ராதா மலைகளிலும் டோன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் வளர்ந்துள்ள தேவதாருக் காடுகள் நமது இருப்புப் பாதைகளுக்கு நெடுங்காலம் ஸ்லீப்பர் கட்டைகளை அளித்து வந்தன. அகலப் பாதைக்குரிய ஒரு கட்டை 275 சென்டிமீட்டர் நீளமும், 25 சென்டிமீட்டர் அகலமும், 13 சென்டிமீட்டர் கனமும் கொண்டது. வண்டிப் பாதை இல்லாத செங்குத்துச் சரிவிலிருந்து முழு மரத்தைக் கீழே இறக்க வழியில்லை. ஆகவே மரம் விழுந்த இடத்திலேயே அதைக் கட்டைகளாக அறுத்தனர். சாரம் கட்டி மரத்துண்டை அதன்மேல் ஏற்றி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று வாளை இழுப்பர். கீழே நிற்பவரின் முகத்தில் நாள் முழுவதும் மரத்தூள் கொட்டும். அறுத்த கட்டைகள் மனிதர் முதுகிலும் மரத்தாலான சறுக்குப் பாதைகளிலும் ஆற்றங்கரை சேர்ந்து, டோன்ஸிலும் யமுனையிலும் மிதந்து சமவெளியை அடைந்தன.

அந்த வேலை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. இருப்புப் பாதைகள் கான்கிரீட் கட்டைகளுக்கு மாறின. 1980-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் மலை மாவட்டங்களில் 1000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பசுமரம் வெட்டுவது தடை செய்யப்பட்டது. 1996 டிசம்பர் 12-ம் தேதி உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஒப்புதல் பெற்ற செயல் திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்று வரையறுத்தது. ஆனால் நாட்டின் மரத் தேவை குறையவில்லை. வெட்டும் இடமே மாறியது. இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் 2011-ம் ஆண்டு அறிக்கையின் மதிப்பீட்டின்படி, காடுகளிலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கும் மரம் சுமார் 32 லட்சம் கன மீட்டர். வயல்கள், தோட்டங்கள், சாலையோரங்கள் முதலியவற்றிலிருந்து கிடைக்கக்கூடியதோ சுமார் 4 கோடியே 28 லட்சம் கன மீட்டர்.

மரம் வெட்டும் தொழிலாளி வனத்துறையின் கூப்பிலிருந்து தனியார் வயலுக்கு இடம் பெயர்ந்துவிட்டார் என்பதே இதன் பொருள். இதே காலத்தில் அவரது கையிலிருந்த வாளின் இடத்தைச் சங்கிலி ரம்பம் பிடித்துக்கொண்டது. கருவி எளிதில் கிடைத்தது. அதைக் கையாளும் பயிற்சியும், அதற்குரிய பாதுகாப்பும் கருவியுடன் வந்து சேரவில்லை.

வண்டுப் புழு கற்பித்த பாடம்

சங்கிலி ரம்பத்தின் அமைப்பு சிக்கலானதன்று. இருவீச்சுப் பெட்ரோல் எஞ்சின் ஒன்று, கிளட்ச் வழியாக ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரம் நீண்ட எஃகுத் தகட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு சங்கிலியை ஓட்டுகிறது. சங்கிலியின் வேகம் வினாடிக்கு சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். முதலில் வந்த சங்கிலிகளின் பற்கள் சாதாரண வாளின் பற்களைப் போன்றே இருந்ததால் விரைவில் மழுங்கின. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டி வந்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்பவர், 1946-ம் ஆண்டில் கட்டை ஒன்றில் வண்டுப் புழு மரத்தைக் குடைந்து செல்வதைக் கவனித்தார். புழுவின் இரு தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிச் சென்றன. அவர் அதைப் பின்பற்றி அமைத்த பல், இன்றைய சங்கிலிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் மரத்தில் இறங்கலாம் என்பதை அதுவே கட்டுப்படுத்துகிறது. பல்லை உருண்டை அரத்தாலும், மேட்டைத் தட்டை அரத்தாலும் ராவ வேண்டும். மேட்டை அளவுக்கு மீறி ராவிவிட்டால் பல் ஆழமாகக் கடிக்கும், ரம்பம் துள்ளும். கூர் சரியாக உள்ளதா என்பதை அறிய மரத்தூளைப் பார்த்தாலே போதும். கூரான சங்கிலி சீவல்களை உதிர்க்கும். மழுங்கிய சங்கிலி மாவைப் போன்ற தூளைக் கொட்டும். மழுங்கிய ரம்பத்தை ஓட்டுபவர் தம் உடல் எடையைக் கொடுத்து அழுத்துகிறார்; விபத்துக்கு இது ஒரு முக்கிய காரணம்.

சங்கிலியின் இறுக்கத்தைப் பார்த்தல், தகட்டுக்கு எண்ணெய் செல்வதைச் சோதித்தல், காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்தல், பெட்ரோலில் உரிய எண்ணெயைப் பெரும்பாலும் ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் கலத்தல் ஆகிய பணிகளும் அன்றாடம் உண்டு. இவற்றுக்கெல்லாம் நேரம் தேவை. மரத்துக்கு இவ்வளவு, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு அரம் பிடிக்கும் நேரம் கூலியில்லாத நேரமாகும். குறையைத் தொழிலாளியின் அலட்சியத்தில் தேடுவதைவிடக் கூலி முறையில் தேடுவது பொருத்தமாக இருக்கும்.

கீல் என்னும் காப்பு

மரத்தை விரும்பிய திசையில் சாய்க்கும் கலை ரம்பத்தைவிடப் பழையது. சாய வேண்டிய பக்கத்தில் அடிமரத்தின் குறுக்களவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு முக்கோண வடிவில் முன்வெட்டு போடப்படுகிறது. பிறகு எதிர்ப்பக்கத்தில், சற்று உயரத்தில் பின்வெட்டு. இரண்டுக்கும் இடையே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு மரம் அறுபடாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் போன்றது இது. மரம் விழும்போது அதைத் திசை மாறாமல் பிடித்துக்கொள்வது இதுவே. முழுவதும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கமும் திரும்பலாம். பெயர்ந்த அடிமரம் பின்னோக்கி உதைக்கலாம். மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்குள் வேறு எவரும் நிற்கலாகாது. வெட்டுபவர் பின்புறம் சாய்வாக விலகிச் செல்லும் வழியை முன்னதாகவே செத்தை நீக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாளால் அறுத்த நாட்களில் இருவர் மெதுவாக இழுத்தனர். மரம் முனகுவதைக் காதால் கேட்டு விலக அவகாசம் இருந்தது. ரம்பமோ சில வினாடிகளில் கீலைக் கடந்துவிடுகிறது. எஞ்சினின் இரைச்சலில் மரத்தின் ஓசையும் கேட்பதில்லை. 1960-களில் உணவு, விவசாய நிறுவனத்தின் உதவியுடன் நம் நாட்டில் மரம் வெட்டும் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பட்டபோது, சீர்திருத்திய கைவாள்களோடு இம்முறைகளும் கற்பிக்கப்பட்டன. தரையை ஒட்டி அறுத்தால் அடிமரம் வீணாகாது என்பதும் அப்பாடங்களில் ஒன்று. ஆனால் அப்பயிற்சி துறையின் பணியாளர்களையும் கூப்புத் தொழிலாளர்களையும் நோக்கியதாகவே இருந்தது.

தகட்டு நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டுபவரின் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்கி அறுக்கக் கூடாது என்ற விதி இதனால் ஏற்பட்டது. முன் கைப்பிடிக்கு முன்னால் உள்ள காப்பு, சங்கிலியை உடனே நிறுத்தும் தடையாகவும் இயங்குகிறது. பழுதான தடையைச் சீராக்காமல் ரம்பத்தை ஓட்டுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

மெதுவாக வரும் தீங்குகளும் உண்டு. ரம்பத்தின் ஒலி வெட்டுபவரின் காதருகே 100 டெசிபலுக்கு மேற்பட்டது. நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபல் ஒலியைக் கேட்டாலே செவிக்குக் கேடு தொடங்குகிறது. அதிர்வு விரல்களின் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தாக்கும். குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். ஜப்பான், பிரிட்டன், பின்லாந்து ஆகிய நாடுகளின் காட்டுத் தொழிலாளரிடையே இந்நோய் 1960-களில் பரவலாகக் காணப்பட்ட பின்னரே, கைப்பிடிகளுக்கும் எஞ்சினுக்கும் இடையே அதிர்வு தாங்கிகள் வந்தன. தலைக்கவசம், முகவலை, செவிக்காப்பு, நீண்ட இழைகள் அடைத்த கால்சட்டை ஆகியவை இன்று கிடைக்கின்றன. அந்த இழைகள் பல்சக்கரத்தில் சிக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். ஆனால் அச்சட்டை குளிர் நாடுகளுக்காகத் தைக்கப்பட்டது. மே மாதத்தில் ஹரியானா வயலில் அதை அணிந்து உழைப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வயலிலும் புயலிலும்

ஹரியானா, பஞ்சாப், மேற்கு உத்தரப் பிரதேச வயல்களில் பாப்லர் மரம் பரவியதற்கு, 1984-ம் ஆண்டில் நபார்டு வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய திட்டம் பெரிதும் உதவிற்று. கோதுமையோடும் கரும்போடும் சேர்த்து வளர்க்கப்படும் இம்மரம் ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் வெட்டுக்கு வருகிறது. யமுனா நகரின் ஒட்டுப்பலகை ஆலைகள் இதை வாங்குகின்றன. மென்மையான மரமாதலால் ரம்பம் தங்குதடையின்றி இறங்கும். எளிதாகத் தோன்றும் இவ்வேலையில்தான் முன்வெட்டைத் தவிர்த்துவிட்டுக் கயிற்றால் இழுத்து வீழ்த்தும் வழக்கம் தலைகாட்டுகிறது.

முறையான பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு ஒடிசா ஓர் எடுத்துக்காட்டு. 1999-ம் ஆண்டின் பெரும்புயலில் சாய்ந்த மரங்கள் சாலைகளை அடைத்ததால் உதவி சென்றடையத் தாமதமாயிற்று. அதன் விளைவாக 2001-ம் ஆண்டில் அமைக்கப்பட்ட பேரிடர் விரைவு நடவடிக்கைப் படைக்கு மரம் அறுக்கும் கருவிகளும் அவற்றில் பயிற்சியும் அளிக்கப்பட்டன. 2020 மே மாதம் அம்பன் புயல் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியபோது இப்படையினர் அங்கும் சென்று உதவினர். புயலில் விழுந்த மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்தானது. வளைந்து கிடக்கும் தண்டின் ஒரு பக்கம் நெருக்குண்டும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். நெருக்குண்ட பக்கத்தில் முதலில் சிறிது அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்தை அறுக்க வேண்டும். முறை மாறினால் ரம்பம் சிக்கிக்கொள்ளும், அல்லது தண்டு வில்லைப்போல் விடுபட்டு ஆளை அடிக்கும்.

சீருடை அணிந்த படைக்கு இயன்ற ஏற்பாடு, வயலில் உழைக்கும் கூலிக் குழுவுக்குக் கிட்டவில்லை. சட்டம் இவர்களை மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில், பனை ஏறுவோருடன் மரம் வெட்டுவோரும் சேர்க்கப்பட்டிருந்தனர். ஒப்பந்தக்காரரின் ஆள் காயமுற்றாலும், அவ்வேலை பிரதான முதலாளியின் தொழிலைச் சார்ந்ததானால் அவரே பொறுப்பு என்றும் அச்சட்டம் கூறியது. இவ்விதிகளை நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு தன்னுள் சேர்த்துக்கொண்டது. நடைமுறையில் விவசாயி மரத்தை நின்றபடியே விற்றுவிடுகிறார். வாங்கிய வியாபாரி வெட்டும் வேலையை ஒரு மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரி ஊர்விட்டு ஊர் செல்பவர். கை இழந்தவர் யாரிடம் வேலை செய்தார் என்பதை மெய்ப்பிக்கத் தாள் ஏதும் இருப்பதில்லை. மரம் விற்கும் ஒப்பந்தத்திலேயே வெட்டும் குழுவினரின் பெயர்களையும், தலைக்கவசம், ஆப்பு, அரம் ஆகியவற்றின் செலவை ஏற்பவர் யார் என்பதையும் எழுதி வாங்கினால், அந்த ஒரு தாள் இழப்பீட்டு வழக்குக்குப் போதிய சான்றாகும். ரம்பத்தின் விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு மிகச் சிறியது.