பெயர் எழுதிய படங்கள்

யுத்தம் என்றால் சேனாதிபதிகளின் உருவப்படங்களுக்குக் குறைவில்லை. மார்பில் பதக்கம், இடையில் வாள், முகத்தில் மிடுக்கு, அடியில் தங்க எழுத்தில் பெயர்! ஆனால் அதே யுத்தத்தினால் வீடும் ஊரும் இழந்த குழந்தைக்கு உருவப்படம் அமைவது அபூர்வம். அமைந்தாலும், அடியில் "அகதிச் சிறுமி" என்று இருக்குமேயன்றிச் சிறுமியின் பெயர் பெரும்பாலும் இராது.

இந்த வழக்கத்துக்கு மாறாக நடந்த ஓர் உபாத்தியாயினியைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்பது அவருடைய பெயர். 1898-ஆம் வருஷம் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஜெர்மனியில் வைமார் நகரத்துப் பௌஹவுஸ் கலாசாலையில் பயின்ற சித்திரக்காரர். 1934-ல் ஆஸ்திரியாவில் சிறைவாசம் அநுபவித்த பின், பிராக் நகருக்குச் சென்று குடியேறினார். ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களின் குழந்தைகளுக்கு அங்கே சித்திரம் கற்பித்தார். பிற்பாடு அவருக்கே அந்தக் கதி நேர்ந்தது. 1942 டிசம்பரில் அவரும் அவர் கணவரும் டெரஸீனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

டெரஸீன், பிராகுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழைய கோட்டை நகரம். 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்து வைக்கும் இடமாக்கினார்கள். 1,40,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் பசியாலும் பிணியாலும் அங்கேயே மாண்டனர். ஏறக்குறைய 90,000 பேர் கிழக்கேயுள்ள கொலைக்களங்கள் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். ரயிலேற்றும்போது ஆளுக்கு ஓர் இலக்கம் கொடுத்துவிடுவார்கள். குழந்தைக்கும் இலக்கந்தான்!

அவ்விடத்தில் பள்ளிப் பாடங்கள் நடத்தத் தடை இருந்தது. சித்திரம் எழுதுவது விளையாட்டோடு சேர்ந்ததென்று விட்டுவைத்தார்கள் போலும். பிரீடல் அம்மையார் தாம் கொணர்ந்த வண்ணங்களையும், கழித்துப் போட்ட ஆபீஸ் தாள்களையும் வைத்துக்கொண்டு வகுப்புத் தொடங்கினார். "இப்படித்தான் எழுத வேண்டும்" என்று குழந்தைகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் கேட்பார்: படத்தில் உன் பெயரை எழுது!

ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இதன் அருமை விளங்கும். வகுப்பில் கடைசி வரிசையில் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளையும், பெயர் சொல்லி அழைத்தால் நிமிர்ந்து உட்காருவதை நாம் தினந்தோறும் காண்கிறோம். இலக்கமாகிவிட்ட குழந்தைக்கு, தாளின் மூலையில் எழுதும் தன் பெயர் எவ்வளவு பெரிய உடைமையாக இருந்திருக்கும்!

அவர்கள் என்ன எழுதினார்கள்? வண்ணத்துப் பூச்சி, பூச்செடி, விட்டுவந்த வீடு, அடுக்கடுக்கான மரக் கட்டில்கள். இவை வெறும் பூவும் வீடும் அல்ல. எழுதிய குழந்தையின் ஏக்கமும் அச்சமும் அவற்றில் பதிந்திருப்பதால், ஒவ்வொன்றையும் அக்குழந்தையின் உருவப்படம் என்றே நாம் கொள்கிறோம்.

1944 செப்டம்பரில் அம்மையாரின் கணவர் டெரஸீனிலிருந்து அனுப்பப்பட்டார். அம்மையார் தாமாகவே அடுத்த ரயிலுக்குப் பெயர் கொடுத்தார். அக்டோபர் 9-ந் தேதி ஆஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். கணவரோ உயிர் பிழைத்தார். புறப்படுமுன் அம்மையார் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து ஒப்படைத்துச் சென்றிருந்தார். 1945-ல் யுத்தம் முடிந்தபின் அவை பிராக் போய்ச் சேர்ந்தன. எழுதிய குழந்தைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

அப்படங்கள் இன்று பிராக் யூதப் பொருட்காட்சிசாலையின் உடைமை. அவற்றில் சில, பிங்கஸ் என்னும் பழைய யூத ஆலயத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. கீழே அந்த ஆலயத்தின் சுவர்களில், நாஜிகளால் மாண்ட ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அம்மையார் சின்னஞ்சிறு தாள்களில் செய்வித்ததைப் பின்னர் சுவர்களே செய்கின்றன!

யுத்தத்தினாலும் வன்முறையினாலும் இடம்பெயர்ந்த குழந்தைகள் 2023-ஆம் வருஷ முடிவில் உலகில் 4 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் கணக்கிட்டது. கோடிக் கணக்கைக் கேட்டு நெஞ்சம் மரத்துப் போவது இயல்பு. ஆகையால், அப்படிப்பட்ட குழந்தையின் படம் ஏதேனும் கண்ணில் பட்டால், "ஐயோ, பாவம்!" என்று தாளைப் புரட்டிவிடாமல், அக்குழந்தைக்கு ஒரு பெயரும் ஊரும் உண்டென்று நினைத்துச் சற்று நின்று பாருங்கள், அருகில் நிற்கும் நம் குழந்தைகளுக்கும் அதைச் சொல்லுங்கள்.