சட்டாம்பிள்ளை லண்டன் போன கதை

வகுப்பில் வாத்தியார் இல்லாத நேரத்தில் லீடர் என்ன செய்வார்? போர்டில் "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டு, கீழே வரிசையாகப் பேர் எழுதுவார். நம்மில் பலருக்கு லீடர் என்றாலே இந்த நினைப்புதான் வரும். இந்தப் பதவிக்கு ஒரு மூதாதை உண்டு: திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை. அவர் வேலை பசங்களை அடக்குறது மட்டும் இல்லை. முறை சொல்லும்போது ஒருவன் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்ல வேண்டும். அதை நடத்துறது, சின்னப் பையனுக்கு மணலில் விரல் பிடித்து எழுத வைக்கிறது, பாடம் கேட்கிறது எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பேச வைக்கிற ஆள், பேசுறவன் பேரை எழுதுற ஆளாக மாறியது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திய விஷயம். அதைத் துருவிக்கொண்டு போனதில் கிடைத்தவை இவை.

முதலில் 1623. பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி இன்றைய கர்நாடகத்தின் இக்கேரி பக்கம் போகிறார். ஒரு கோயில் முகப்பில் நாலு பையன்கள் உட்கார்ந்து கணக்குப் படிக்கிறார்கள். தரையில் பொடி மணல் பரப்பியிருக்கிறது. ஒருவன் பாடத்தை ராகமாகச் சொல்லிக்கொண்டே மணலில் எழுத, மற்ற மூவரும் கூடவே சொல்லி எழுதுகிறார்கள். பக்கத்தில் வாத்தியார் இல்லை. தப்பு வந்தால் யார் திருத்துவார் என்று கேட்கிறார் மனுஷன். ஒரே இடத்தில் நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் சிக்கல் வராது, ஒருத்தனுக்கு மறந்தால் இன்னொருத்தனுக்கு ஞாபகம் இருக்கும் என்று பதில் வருகிறது.

சாஃப்ட்வேர் ஆளுக்கு இதைப் படித்ததும் வேறெதுவும் தோணாது. ஒரே தகவலை நாலு டிஸ்கில் வைத்து, ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து மீட்கிற அதே ஏற்பாடுதான். நாலும் ஒன்றாகக் கெடுற வாய்ப்பு குறைவு.

அடுத்து 1789. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் பிள்ளைகள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்கிறார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தவர், அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவரப் பார்க்கிறார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனை அரிச்சுவடி வகுப்புக்கு வாத்தியாராகப் போட்டுவிட்டார். அது வேலை செய்தது. 1797ல் லண்டனில் ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார். அந்த முறைக்குப் பேரே 'மெட்ராஸ் சிஸ்டம்'. அவர் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கூடம் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பேரில்தான் நடக்கிறது.

மணலை நம்மூரில் பார்த்து எடுத்ததாகப் பெல் ஒத்துக்கொள்கிறார். மாணவனே ஆசிரியன் என்ற பாதியை மட்டும் தன் சொந்த யோசனையாகவே சொல்லிக்கொண்டார். சட்டாம்பிள்ளைகள் நிறைந்த ஊரில் ஒன்பது வருஷம் இருந்தவர்! எனக்கு நம்பிக்கை இல்லை, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

1798ல் லண்டன் சவுத்வார்க்கில் ஜோசப் லங்காஸ்டர் என்ற க்வேக்கர் இளைஞரும் ஏறக்குறைய இதே மாதிரி ஒரு பள்ளி தொடங்கினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு தரப்புக்கும் பெரிய சண்டை. அதை விடுங்க. சண்டையில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன விஷயம்தான் முக்கியம்: செலவு கம்மி. லங்காஸ்டரின் பள்ளியில் ஒரே ஆசிரியர், கிட்டத்தட்ட ஆயிரம் பையன்கள். நடுவில் மானிட்டர்கள்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தாமஸ் மன்றோ 1822ல் தொடங்கிய கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்தால் பள்ளிக்குச் சராசரி 15 பேர். திண்ணை வாத்தியாருக்கு ஒவ்வொரு பையனும் எந்த இடத்தில் நிற்கிறான் என்று தெரியும். சட்டாம்பிள்ளை அவருக்குக் கை கொடுக்கிற ஆள். லங்காஸ்டரிடம் மானிட்டர் என்பவர் வாத்தியாருக்குப் பதில் ஆள். பேர் ஒன்றுதான், வேலை வேற.

மானிட்டருக்குக் காலையில் ஒரு பாடம் உருப்போட வைப்பார்கள். அதை அப்படியே தன் வரிசைக்கு இறக்குவார். கேச்சில் இருப்பதைக் கொடுக்கலாம். இல்லாததைக் கேட்டால் மெயின் சர்வருக்குப் போக வழியே இல்லை. ஏன் என்று கேட்கிற பையன் அந்த ஏற்பாட்டில் வெறும் இடைஞ்சல். அதனால் ஒழுங்குதான் பாடமாகிப் போனது. கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, கூடையில் உட்கார வைத்துக் கூரையில் தொங்கவிடுவது எல்லாம் லங்காஸ்டர் முறையின் தண்டனைகள். (நம்ம திண்ணையிலும் கோதண்டம் போட்டுத் தொங்கவிட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். அந்தத் திண்ணைகளில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம், ஏற முடியாத சாதிகளும் உண்டு. பழம்பெருமை பேச நான் வரலை.) 1846ல் இங்கிலாந்து அரசு, பயிற்சியும் சம்பளமும் கொடுத்து இளம் மாணவ ஆசிரியர்களை உருவாக்கும் திட்டத்துக்கு மாறியது. மானிட்டர் முறை மெல்ல மங்கிப்போனது.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

1990 வாக்கில் ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர், கணக்குப் போடத் தேவையில்லாத, சாதாரண மொழியில் கேட்ட நியூட்டன் விதிக் கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கொடுத்தார். பரீட்சையில் வெளுத்து வாங்குற பசங்க. அதில் ஒருவர், நீங்க சொல்லிக்கொடுத்தபடி எழுதணுமா, நான் நிஜமா நினைக்கிறபடி எழுதணுமா என்று கேட்டாராம். மசூருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன்பின் 1991ல் வகுப்பை மாற்றினார். ஒரு கேள்வி போடு. எல்லாரும் தனியாக யோசித்து ஒரு விடைக்கு ஓட்டுப் போடணும். சரியான விடை ஏறக்குறைய 30லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால், பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு வாதாடணும். மறுபடி ஓட்டு. ஓட்டு அதற்குக் கீழே போனால் பாடத்தைத் திரும்ப நடத்தணும். மேலே போனால் கொஞ்சம் விளக்கிவிட்டு அடுத்த கேள்வி.

கெட்டிக்காரப் பையன் விடையைச் சொல்ல, மற்றவன் பார்த்து மாத்திக்கிறான், அவ்வளவுதானே? நியாயமான சந்தேகம். 2009ல் 'சயின்ஸ்' இதழில் கொலராடோ பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் சோதித்து எழுதியது. விவாதம் முடிந்ததும், அதே கருத்தில் வேறு ஒரு கேள்வியைக் கொடுத்துத் தனியாக விடை கேட்டார்கள். விடைகள் தெளிவாக மேம்பட்டன. இன்னும் சுவாரசியம் என்னவென்றால், குழுவில் ஒருத்தருக்குமே முதலில் விடை தெரியாத இடங்களிலும் அந்த முன்னேற்றம் இருந்ததாகக் கணக்குக் காட்டியது. இக்கேரி பையன்களை விட ஒரு படி மேலே. அங்கே யாராவது ஒருத்தனுக்கு ஞாபகம் இருக்கணும். இங்கே நாலு அரைகுறைப் புரிதல்கள் மோதி, யாரிடமும் இல்லாத விடை வெளியே வருது.

இதைக் காசு மிச்சம் பிடிக்கிற வழியாகப் பார்த்தால் லங்காஸ்டர் விழுந்த அதே குழிதான். மசூர் முறையில் வாத்தியார் வேலை கூடுகிறது. வகுப்பைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிற கேள்வியை யோசிப்பதற்கே ராத்திரி முழுக்க உட்காரணும். மற்றபடி கருவி எதுவும் வேண்டாம். 45 பேர் வகுப்பில் நெஞ்சுக்கு நேரே விரல் காட்டி ஓட்டுப் போடலாம், பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாது. எட்டாம் வகுப்புக்கு ஒரு மாதிரிக் கேள்வி: நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து பந்தை நேர் மேலே தூக்கிப் போட்டால் எங்கே விழும்? ஒன்று, கையில். இரண்டு, பின் சீட்டுக்காரர் மேல். மூன்று, முன் சீட்டுக்காரர் மேல்.

வகுப்பில் சத்தம் வரும். அந்தப் பத்து நிமிஷம் லீடர் கையில் சாக்பீஸ் கொடுக்காதீங்க.