முக்கால் மீட்டர் பேஸ்: ‘டூப்ளிகேட்’ என்று திருப்பி அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

ஆவடியை அடுத்த கோவில்பதாகை போன்ற புறநகரில் இருந்துகொண்டு பேஸ் கிட்டார் கற்க நினைப்பவருக்கு முதல் தடை இசை அல்ல, இடம். முழு அளவு பேஸ் கிட்டார் ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளம், நான்கு கிலோ எடை. அதை உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி, ஆவடி ஸ்டேஷனில் காலை நேர மின்சார ரயிலைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும். வீட்டில் ஆம்ப்ளிஃபயரோடு வாசித்தால் சுவர் வழியே அதிர்வு போய், கீழ் வீட்டிலிருந்து ‘தம்பி, கொஞ்சம் கம்மி பண்ணுப்பா’ என்று குரல் வரும். பத்து வயதுப் பிள்ளையின் கையோ முதல் நான்கு கட்டைகளைக்கூட எட்டாது.

இந்த இடத்தில்தான் ‘யூ-பேஸ்’ எனப்படும் உகுலேலே அளவு பேஸ் ஆசை காட்டுகிறது. நீளம் சுமார் முக்கால் மீட்டர். எடை ஒரு கிலோவைச் சுற்றி. சுருதியோ பெரிய பேஸ் கிட்டாருக்கு உள்ள அதே சுருதி. ஆன்லைனில் பார்த்து, பணம் சேர்த்து வாங்கியும் விடுகிறார்கள். பார்சலைப் பிரித்த அன்றே பிரச்சினை தொடங்குகிறது. தந்திகள் ரப்பர் பேண்ட் மாதிரி தொளதொளவென்று இருக்கின்றன. சுருதி சேர்த்து ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. சத்தமே வரவில்லை. ‘டூப்ளிகேட்டைத் தள்ளி விட்டுட்டாங்க’ என்று ரிட்டர்ன் பட்டனைத் தேடுகிறார்கள்.

இந்த மூன்றுமே பெரும்பாலும் கோளாறு அல்ல. உண்மையான கோளாறுகள் வேறு இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால், நல்ல கருவி திரும்பிப் போகிறது, பழுதான கருவி வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

எங்கிருந்து வந்தது?

உகுலேலே ஹவாய்த் தீவுக் கருவி என்றாலும் வேர் போர்ச்சுகலைச் சேர்ந்தது. 1879 ஆகஸ்ட்டில் ‘ரேவன்ஸ்க்ராக்’ என்ற கப்பலில் மடெய்ரா தீவிலிருந்து ஹொனலுலு வந்திறங்கிய தொழிலாளர்களோடு வந்த சிறு தந்திக் கருவிதான் அங்கே உகுலேலே ஆனது. மின்சார பேஸ் கிட்டாரின் கதை தனி. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் ‘பிரிசிஷன் பேஸ்’ஸை வெளியிட்டார். அதில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் அதுதான் பொது அளவு.

இந்த 34 அங்குலத்தைக் குறுக்க முடியுமா என்று 1980-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த இருவர் முயன்றார்கள். 18 அங்குல நீளத்தில் சிலிக்கான் ரப்பர் தந்தி பூட்டிய ‘ஆஷ்போரி’ பேஸ் பிறந்தது. கில்ட் நிறுவனம் அதை விற்றது. பின்னர் ஓவன் ஹோல்ட் என்ற கைவினைஞர், தன் ‘ரோட் டோட்’ பெயரில், உகுலேலே உடலில் பாலியூரித்தேன் தந்தி பூட்டி பேஸ் செய்தார். 2000-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் ‘காலா’ நிறுவனம் அவரோடு சேர்ந்து அதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘யூ-பேஸ்’ என்பது காலா வைத்த பெயர். இன்று வேறு கம்பெனி தயாரிப்புகளையும் மக்கள் அப்படியே அழைக்கிறார்கள், ஜெராக்ஸ் மாதிரி.

தந்தி ஏன் ரப்பராக இருக்கிறது?

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவதைக் கச்சேரி மேடையில் பார்த்திருக்கலாம். தோலின் எடை கூடும்போது அதன் அதிர்வு மெதுவாகிறது, ஒலி தாழ்கிறது. யூ-பேஸ் தந்தியின் ரகசியமும் இதுதான்.

பெரிய பேஸின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர வேண்டும். மற்ற மூன்றும் முறையே 55, 73, 98 முறை. இதே உலோகத் தந்தியை அதே இழுவிசையில் 34 அங்குலத்திலிருந்து 21 அங்குலத்துக்குக் குறுக்கினால், அதிர்வு 1.6 மடங்கு கூடி, ஒலி எட்டு அரைச்சுரத்துக்கு மேல் ஏறிவிடும். அதைக் கீழே இறக்க இழுவிசையைக் குறைக்கலாம். ஆனால் பழைய அளவில் நாற்பது சதவீதத்துக்கும் கீழே போக வேண்டும். அப்போது உலோகத் தந்தி துணிக்கொடி மாதிரி தொங்கும். மிச்சமிருக்கும் வழி, எளிதாக வளைகிற, ஆனால் தடிமனான தந்தி. அதனால்தான் பாலியூரித்தேன். பிரித்த உடனே ‘தொளதொள’வென்று தெரிவது குறையல்ல. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

‘வீட்ல இருக்கற உகுலேலேல இந்த தந்திய மாட்டினா போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பிரிட்ஜ், நட், டியூனிங் கீயின் துளை எதுவும் இந்தத் தடிமனுக்குப் பொருந்தாது.

முதல் இரண்டு வாரம்

புதுத் தந்தி இழுபடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இழுபடும். இதைத் தானாக நடக்கட்டும் என்று விட்டால் வாரக்கணக்கில் தொல்லை. கையால் விரைவுபடுத்தலாம்: சுருதி சேர்த்தபின், தந்தியின் நடுப்பகுதியை விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்து விட வேண்டும். சுருதி இறங்கும். மறுபடி ஏற்றி, மறுபடி இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படிச் செய்தால், சில நாட்களில் தந்தி அடங்கத் தொடங்கும். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதே சரி. இல்லையென்றால் கீயில் சுற்றிய தந்தி பிறகு நழுவும்.

சுருதி பார்ப்பதிலும் ஒரு சிக்கல். தலைப்பகுதியில் கவ்வி நிற்கும் சாதாரண கிளிப் டியூனர்கள் பல, 41 ஹெர்ட்ஸைச் சரியாகப் பிடிக்காமல் தடுமாறும். முள் ஆடிக்கொண்டே இருக்கும், வாங்கியவர் கருவியைச் சந்தேகிப்பார். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டபடி மீட்டினால் மணி போன்ற ஒலி வரும். அது ஒரு ஸ்தாயி மேலே இருப்பதால் டியூனர் பிடித்துக்கொள்ளும். கருவியிலேயே டியூனர் இருந்தால், அல்லது கேபிள் வழியாக வேறு டியூனரில் செருக முடிந்தால், இன்னும் நல்லது.

சத்தம் வராத காரணம்

கேபிள் செருகாமல் வாசித்தால் இதன் ஒலி அறைக்குள்ளேயே அடங்கிவிடும். அவ்வளவு சிறிய பெட்டி அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காற்றில் தள்ள முடியாது. இரவு பதினொரு மணிக்குப் பழகுபவருக்கு இது வரம். அதே ஒலியை போனில் பதிவு செய்து கேட்டுவிட்டு ‘பேஸே இல்லை’ என்பது நியாயமில்லை. 41 ஹெர்ட்ஸை வெளியிட போன் ஸ்பீக்கரால் ஆகாது. வாங்கும் முன் யூடியூபில் டெமோ பார்ப்பவர்களும் நல்ல ஹெட்போன் மாட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

யூ-பேஸின் உண்மையான குரல், பிரிட்ஜில் சேடில் பட்டைக்கு அடியில் கிடக்கும் பீஸோ பிக்கப்பில் இருக்கிறது. தந்தியின் அழுத்தத்தை மின்சாரமாக்கும் மெல்லிய பட்டை அது. காந்த பிக்கப் இங்கே உதவாது, பாலியூரித்தேனை அது உணராது. பீஸோவின் மின்சைகைக்கு நடுவே ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். பல மாடல்களில் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியில் ஓடும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். பல கருவிகளில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஆம்ப்ளிஃபயர் பேஸுக்கானதாக இருந்தால் நல்லது. சிறிய கிட்டார் ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கரகரக்கும். உடல் வெற்றுப் பெட்டி என்பதால், ஆம்ப்புக்கு முன்னால் நேராக நின்றால் ஊளையிடும். கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி நின்றால் அடங்கும்.

நான்கில் ஒரு தந்தி மட்டும் மெலிதாகக் கேட்டால்? சேடில் பீஸோ மீது சமமாக உட்காரவில்லை என்று பொருள். தந்திகளைத் தளர்த்தி, சேடிலை எடுத்து, தூசியைத் துடைத்து, மறுபடி நேராக உட்கார வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தம்புராவில் ஜீவாளி நூல் ஒரு இழை நகர்ந்தால் நாதமே மாறுகிறதே, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு நுணுக்கமான இடம் இது. தந்தி உயரத்தைக் குறைக்கிறேன் என்று சேடிலின் அடிப்பக்கத்தைத் தேய்ப்பவர்கள் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அடி ஒரு இடத்தில் மேடு பள்ளமானாலும் அதன் மேல் நிற்கும் தந்தி ஊமையாகும். பழக்கமில்லாதவர்கள் இதைக் கடைக்காரரிடமோ கிட்டார் பழுது பார்ப்பவரிடமோ விட்டுவிடுவது நல்லது. தந்தி உயரம் சாதாரண கிட்டாரை விடக் கூடுதலாக இருப்பதும் இயல்புதான். தளர்ந்த தந்தி அகலமாக ஆடும், அதற்கு இடம் வேண்டும்.

எது கோளாறு?

தந்தி ஃப்ரெட் கம்பியில் உரசி ‘ர்ர்ர்’ என்று அடிக்கும் ஒலியை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். எல்லா இடத்திலும் உரசினால் வாசிப்பவர் கை அழுத்தம் அதிகம், அல்லது தந்தி மிகத் தாழ்வாக இருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் அடுத்த கம்பி எழும்பி நிற்கிறது. விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் உரசினால் நட்டில் உள்ள வெட்டு சரியில்லை. பின்னிரண்டும் செய்முறைக் குறைகள், புகார் செய்யலாம்.

பிரிட்ஜ் ஓரம் பலகையை விட்டு எழும்பி இருப்பது, கழுத்து முறுக்கிக்கொண்டிருப்பது, கேபிளை அசைக்காமலே கரகரப்பு வருவது, சேடிலைச் சரிசெய்த பிறகும் ஒரு தந்தி ஊமையாக இருப்பது ஆகியவை ஏற்கக் கூடாதவை. தந்தி அடங்கியபின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய ஒலியும், முன்பு சொன்ன மணி ஒலியும் காதுக்கே வேறாகத் தெரிந்தாலும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், தந்தி அடங்கும் காலத்துக்கு முன்பே ரிட்டர்ன் நாள் முடிந்துவிடக்கூடும். அதனால் பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, பிரிட்ஜ், கழுத்து, நான்கு தந்தியின் ஒலி அளவு ஆகியவற்றை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். சுருதி இறங்குவதை மட்டும் அன்று கணக்கில் எடுக்க வேண்டாம்.

வாசிப்பது எப்படி?

உகுலேலே தெரிந்தவர்கள் முதலில் மறக்க வேண்டியது உகுலேலேயை. அதன் கார்டுகள் எதுவும் இங்கே செல்லாது. பேஸ் கிட்டார் பாடங்கள் அப்படியே பொருந்தும்.

இடது கைக்குப் பெரிய சுகம். முதல் ஃப்ரெட் பெரிய பேஸில் சுமார் 48 மில்லிமீட்டர் அகலம், இதில் 30. ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று சிறுவர்களும் வைக்கலாம். அதே காரணத்தால் சின்னப் பிசகும் பெரிதாகக் கேட்கும். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் சுரம் போய்விடும். வலது கையில் விரல் சதையால் மெதுவாகத் தொட்டால் போதும். பெரிய பேஸில் இழுத்து வாசித்துப் பழகியவர்களே இதில் அதிகம் தவறுகிறார்கள்.

எந்த இடத்தை ‘ச’ என்று வைத்தாலும், அடுத்த மெல்லிய தந்தியில் இரண்டு ஃப்ரெட் மேலே ‘ப’ இருக்கும். இரண்டு தந்தி தாண்டி, அதே இரண்டு ஃப்ரெட் மேலே மேல் ‘ச’. ஒரு தம்புரா செயலியைப் போட்டுக்கொண்டு இந்த மூன்றையும் தாளத்தோடு வாசித்துப் பழகினால், ஆலயப் பாடகர் குழுவிலோ கல்லூரி பேண்டிலோ பாதி பாட்டுக்குக் கை கொடுக்கலாம்.

தமிழ்க் காதுக்கு பேஸ் புதிதல்ல. இளையராஜாவின் பாடல்களில் அது தாளத்துக்குத் துணையாக மட்டும் இல்லாமல் தனி மெட்டாகவே ஓடும். ஏ.ஆர்.ரஹ்மானின் பல பாடல்களில் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸின் பேஸ் கேட்கலாம். ஆனால் அந்த நீண்டு ஒலிக்கும் மின்சார பேஸ் நாதத்தை யூ-பேஸில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதன் ஒலி சட்டென்று எழுந்து சீக்கிரம் அடங்கும், நின்றபடி வாசிக்கும் மர டபுள் பேஸ் மாதிரி. மெல்லிசை, பக்திப் பாடல், ஜாஸ் எல்லாம் அழகாக உட்காரும். கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் பாணி கிட்டத்தட்ட வராது. ஃப்ரெட் இல்லாத மாடலும் உண்டு. கமகம் வேண்டும் என்பவருக்கு அது சுவாரஸ்யமானது, ஆனால் முதல் கருவியாக வேண்டாம். காது தயாராகும் முன் கை தயாராகிவிடும்.

தந்தி மாற்ற நினைத்தால்

இத்தாலியின் அக்கீலா நிறுவனம் இந்தக் கருவிக்கென்றே தனித் தந்திகள் செய்கிறது. உலோகம் சுற்றிய தந்திகளும் கிடைக்கின்றன. அவை மெலிதானவை, கொஞ்சம் இறுக்கமானவை, சுருதியும் நன்றாக நிற்கும். ஒரே எச்சரிக்கை: ரப்பர் தந்திக்காக வெட்டிய நட்டில் மெல்லிய தந்தி ஆடும், உரசும். நட்டையும் மாற்ற வேண்டி வரலாம்.

ரப்பர் தந்தியை மாட்டும்போது, டியூனிங் கீயில் செருகும் முன் கையால் நன்றாக இழுத்துப் பிடித்து, இரண்டு மூன்று சுற்றுகளோடு நிறுத்த வேண்டும். சுற்று கூடினால் நழுவலும் கூடும்.

சென்னையில் இன்னொரு தொல்லை, வியர்வை. ரப்பர் தந்தியில் விரல் ஒட்டி, நகர்த்தும்போது கீச்சென்று இழுக்கும். ஆஷ்போரி காலத்து வைத்தியமே இதற்கும்: விரல் நுனியில் ஒரு சிட்டிகை டால்கம் பவுடர். அதைத் தந்தி மேல் கொட்டினால் சேடிலுக்குள் இறங்கி, மேலே சொன்ன ஊமைத் தந்தி வேலையைத் தொடங்கிவிடும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் பிரிட்ஜின் பசை இளகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோரம் சாய்த்து வைத்தால் பலகை ஈரம் குடிக்கும். உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, தரையில் வைக்காமல் அலமாரி மேல் வைத்தால் போதும். தந்தியைத் தளர்த்தி வைக்கத் தேவையில்லை. தளர்த்தினால் இரண்டு வார இழுபறி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.