தாயைக் காட்டாத வியாபாரம்

காங்கயம் மாடு வாங்கப் புறப்படும் கொங்கு நாட்டு விவசாயி, சுழி பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, எந்தப் பூச்சிக் காளைக்குப் பிறந்தது, தாய் யார் தோட்டத்தில் நிற்கிறது என்றெல்லாம் விசாரித்த பின்னரே அச்சாரம் கொடுப்பார். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தைக்கு ஏற்பட்ட கீர்த்தியும் பரம்பரையறிந்து காளைகளைத் தேர்ந்து விருத்தி செய்ததன் பலனே. ஆனால் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர்களே கோயம்புத்தூரில் வீடு கட்டிக் குடியேறியபின், செல்போனில் வந்த படத்தை நம்பி, தாயின் முகத்தையே பாராமல் ஆயிரக்கணக்கில் கொடுத்து நாய்க்குட்டி வாங்கி வருவதைக் காண வருத்தமாக இருக்கிறது.

குட்டியின் யோக்கியதை தாயிடத்தில் தெரியும். ஈத்துக்கு ஈத்து ஓய்வின்றிச் சினைப்படுத்தப்பட்ட பொட்டை நாய், விலாவெலும்பு துருத்தி, காம்புகள் தொங்கி, ஆளைக் கண்டால் மூலைக்கு ஒதுங்கும். அதைக் காட்ட எந்த வியாபாரிக்கும் மனம் வராது. நாய் இனப்பெருக்கம் பற்றி மத்திய அரசு 2017-இல் இயற்றிய விதிகள், 18 மாதம் நிரம்பாத நாயை இணை சேர்க்கலாகாது, ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கலாகாது, மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்தே தொழில் நடத்த வேண்டும் என்கின்றன. கென்னல் கிளப் சான்றிதழைக் காட்டி இக்கேள்விகளைத் தட்டிக் கழிப்பவர்கள் உண்டு. அது வம்சாவளிக்குச் சாட்சியேயன்றி ஆரோக்கியத்துக்குச் சாட்சியன்று.

2005-இல் தபால்தலையில் இடம்பெற்ற நமது ராஜபாளையம் நாயின் கதை இதனினும் உருக்கமானது. தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமே லட்சணமென்று தலைமுறைதோறும் தேர்ந்ததில், செவிட்டுக் குட்டிகள் பிறப்பது சகஜமாகிவிட்டது. தோலுக்கு நிறமளிக்கும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்தாக வேண்டும், அவை இல்லாவிடில் காது கேளாது. ஒரு மாதக் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கையில், அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கை தட்டினால், கேட்கும் குட்டி திரும்பும், கேளாதது குடித்துக்கொண்டேயிருக்கும். மனச்சாட்சியுள்ள வளர்ப்பாளர் இதை வாங்குபவரிடம் தாமே சொல்வார். செவிட்டுக் குட்டிகள் பிறந்த இணையை மீண்டும் சேர்க்கமாட்டார்.

பனிநாட்டு ஹஸ்கியையும் மூச்சுக்குத் திணறும் பக் நாயையும் இவ்வெயிலில் விருத்தி செய்வது பாவமென்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இவ்விரண்டையும் விலக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

விற்றதோடு பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. வளர்க்க முடியாமற்போனால் குட்டியை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவரே நல்ல வளர்ப்பாளர். காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துப் பட்டிகளில் தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதற்காக விவசாயிகள் வீதிக்கு வந்து போராடியதை நாம் அறிவோம்; வேண்டாமென்று சாலையோரத்தில் இறக்கிவிடப்படும் ஒவ்வொரு வீட்டு நாயும் அக்கூட்டத்தைப் பெருக்கவே செய்யும்.

ஆதலால், குட்டி வாங்க எண்ணும் அன்பர்களே, நேரில் போய்த் தாயைப் பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். பதிவெண்ணையும் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பாருங்கள். காட்ட மறுத்தால், குட்டி எத்தனை அழகாயிருந்தாலும் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.