பெயிண்ட் அடிக்க அட்வான்ஸில் கழிக்கலாமா?

ஓமலூரில் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால், "பெயிண்ட் அடிக்கணும், அட்வான்ஸ்ல கழிச்சுக்குறேன்" என்கிறாரா ஓனர்? 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ள தமிழக வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைக் காட்டுங்க. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், ஒயரிங் எல்லாம் உரிமையாளர் செலவு. சும்மா இருந்தாலே மங்கும் சுவருக்குக் குடியிருந்தவர் என்ன செய்வார்?

ஆனால் குழாய், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி உங்கள் பொறுப்பு. அதற்குக் கழித்தால் சண்டை போட முடியாது, பில் கேட்கலாம்.

நியாயமான கழிவு போக மீதிப் பணம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். இழுத்தடித்தால் கணக்கை எழுத்தில் கேளுங்க. பிறகு வக்கீல் நோட்டீஸ், அதற்கும் மசியாவிட்டால் வாடகை நீதிமன்றம். அங்கே பேசுவது, குடிவந்த அன்றே எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்கள்தான்.